மஞ்சள் பைக்குள் ஒரு சரித்திரம்

தென்காசியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, செங்கோட்டையையும் புளியரையையும் கடந்து, ஆரியங்காவுக் கணவாயின் வளைவுகளில் ஏறி இறங்கித் திருவனந்தபுரம் செல்லும் பஸ்ஸில் ஆனி, ஆடி மாதங்களில் பிரயாணம் செய்தவர்கள், ஜன்னல் வழியே முகத்தில் தெறிக்கும் சாரலையும் மலைமுகட்டில் தங்கி நிற்கும் மேகத்தையும் ரசித்திருப்பார்களேயன்றி, பக்கத்து ஆசனத்தில் தூங்கி விழுந்துகொண்டிருக்கும் தாயார் ஒருத்தி மடியில் இறுக அணைத்திருக்கும் மஞ்சள் பையைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர் பாதி அழிந்துபோன அந்தப் பையில், பதினைந்து வருஷத்து மருந்துச் சீட்டுகளும், மாத்திரை தீர்ந்த வெள்ளித்தாள் அட்டைகளும், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியின் புறநோயாளிச் சீட்டும், மூளையின் மின்னோட்டத்தை மலைத்தொடர்போல வரைந்து காட்டும் இ.இ.ஜி. தாள்களும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஸ்கேன் படங்களும் இருக்கும். வலிப்பு நோயாளியான மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் போகும் அந்தத் தாய்க்கு, அந்தப் பை ஒரு சுமை. அதை வாங்கி மேஜைமேல் கொட்டிப் பார்க்கும் வைத்தியருக்கோ, எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு அடுத்தபடியாக அறையில் உள்ள மிக முக்கியமான வஸ்து அதுதான்.

முதல்முதலாக வலிப்பு கண்டு, இதுவரை ஒரு மாத்திரையும் விழுங்காமல் வருகிற முப்பது வயதுக்காரர் ஒருவரும், அதே வயதில், அதே வகை வலிப்புடன், ஆனால் நான்கு மருந்துகளைச் சாப்பிட்டுவிட்டு வருகிற இன்னொருவரும், நோயின் பெயரால் ஒருவரேயாயினும் சிகிச்சையின் நோக்கில் இருவேறு மனிதர்கள். இரண்டாமவர் உடலில் பழைய மருந்துகள் சில அடையாளங்களை விட்டுப் போயிருக்கின்றன. அவருடைய எதிர்காலத்தைப் பற்றி அவை சில செய்திகளையும் சொல்கின்றன. அச்செய்திகளில் சில பொய்யானவை. அந்தப் பொய்யை மெய்யிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

இந்நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. சரக சம்ஹிதை இதை அபஸ்மாரம் என்று வர்ணிக்கிறது. தமிழில் முயலகன் என்று பெயர். கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் நீக்கினார் என்பது வரலாறு. நடராஜர் திருவடியின் கீழே நசுங்கிக் கிடக்கும் குறள் வடிவுக்கும் அதே பெயர்தான். ஐந்து சபைகளில் ஒன்றாகிய குற்றாலத்துச் சித்திர சபையில் அப்பெருமானை ஓவியமாகவே வழிபடுகிறோம். கோயிலுக்கு வெளியே வந்தால், அருவியின் கீழ் நிறுத்தினால் பித்தம் தெளியும் என்ற நம்பிக்கையும், வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கமும் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. சாவியால் நன்மையும் இல்லை, பெரிய தீமையும் இல்லை. அருவி அப்படியல்ல, வலிப்பு அடங்காத ஒருவர் வழுக்குப் பாறையில், தலைமேல் நீர் இடிக்க நிற்பது உயிருக்கே ஆபத்து என்பதை இங்கேயே சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

மாத்திரைகளின் வம்சாவளி நீளமானதன்று. 1857-இல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்பவர் பொட்டாசியம் புரோமைடு வலிப்பைத் தணிப்பதாகச் சொன்னார். 1912-இல் ஜெர்மனியில் ஆல்பிரெட் ஹாப்ட்மன், தூக்கத்துக்காகக் கொடுத்த பினோபார்பிட்டோன் நோயாளிகளின் வலிப்பையும் குறைத்ததைக் கண்டார். நம் ஊரில் கார்டினால் என்றால் தெரியும். 1938-இல் அமெரிக்காவில் மெரிட், பட்னம் இருவரும் பினிட்டாயினை அறிமுகப்படுத்தினார்கள், அதுவே எப்டாயின். பிறகு கார்பமசெபின், வால்புரோயேட், லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தனை ஆயுதங்கள் கையில் இருக்கும்போது, ஒன்று பலிக்காவிட்டால் மற்றொன்று பலித்தே தீரும் என்று எண்ணுவது மனித சுபாவம்.

அந்த எண்ணத்தை அசைத்தது கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு கணக்கு. அந்நகரத்து வெஸ்டர்ன் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரியில் 525 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பேட்ரிக் குவான், மார்ட்டின் பிராடி என்னும் இரு வைத்தியர்கள் 2000-ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 470 பேர் அதற்குமுன் எந்த வலிப்பு மருந்தையும் அறியாதவர்கள். அந்த 470 பேரில் 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 சதவீதம். இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததால் பயன் கண்டவர்கள் 3 சதவீதம் மட்டுமே. படிக்கட்டில் இறங்குவதுபோல் அல்ல, மாடியிலிருந்து விழுவதுபோல அந்த எண்கள் விழுகின்றன. 2008-இல் இஸ்ரேலில் ஷில்லரும் நஜாரும் இதையே வேறு கோணத்திலிருந்து பார்த்தார்கள். புதிதாகத் தொடங்கும் மருந்து வலிப்பை முற்றும் நிறுத்தும் வாய்ப்பு, முன்பு எதுவும் தோற்காதவரிடம் 61.8 சதவீதம், ஒரு மருந்து தோற்றிருந்தால் 41.7, இரண்டு முதல் ஐந்து வரை தோற்றிருந்தால் 16.6, ஆறு, ஏழு தோற்றிருந்தால் பூஜ்யம்.

பூஜ்யம் என்ற சொல்லைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. லண்டனில் லூசியானோ, ஷோர்வன் இருவரும் நெடுநாள் வலிப்புடன் வாழ்ந்த 155 பேருக்கு 265 தடவை புது மருந்து சேர்த்துப் பார்த்து, 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சேர்த்தவற்றில் 16 சதவீதம் வலிப்பை அடியோடு நிறுத்தின என்றும், இறுதியில் 28 சதவீதத்தினர் வலிப்பின்றி வாழ்ந்தனர் என்றும் எழுதினார்கள். ஆனால் அங்கேயும், முன்னே சாப்பிட்ட மருந்துகள் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் பலன் அதிகம். 2010-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம், தக்கபடி தேர்ந்து, தக்கபடி கொடுக்கப்பட்டு, உடல் தாங்கிக்கொண்ட இரண்டு மருந்துகள் தோற்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று இலக்கணம் வகுத்ததும், அத்தகையவர்களுக்கு மூன்றாவது, நான்காவது மாத்திரைகளில் வருஷங்களைக் கழிக்காமல் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்றவர்களா என்று ஆராய வேண்டும் என்பதும் இக்கணக்குகளிலிருந்து பிறந்தவையே. திருவனந்தபுரத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1995-இல் தொடங்கிய வலிப்பு அறுவைச் சிகிச்சையின் புகழே தென்காசிக்காரர்களை மலை தாண்டி இழுக்கிறது.

இந்த இலக்கணத்தில் எண்ணைப் பிடித்துக்கொண்டு அடைமொழிகளை விட்டுவிடுவோர் பலர். இரண்டு என்பது முக்கியமல்ல. தக்கபடி என்பதே முக்கியம். கிளாஸ்கோ ஆய்வுக்குள்ளேயே, பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு பகுதி உண்டு. முதல் மருந்து பயன் தராத காரணத்தால் கைவிடப்பட்டவர்களில் பின்னர் வலிப்பு நின்றவர்கள் வெறும் 11 சதவீதம். மயக்கம், தள்ளாட்டம் போன்ற பக்கவிளைவு தாங்காமல் கைவிட்டவர்களில் 41 சதவீதம். தோல் தடிப்பு போன்ற ஒவ்வாமையால் கைவிட்டவர்களில் 55 சதவீதம். ‘முன்பு ஒரு மருந்து சாப்பிட்டார், பலிக்கவில்லை’ என்று சீட்டில் ஒரே வரியாக எழுதப்படும் செய்திக்குள் பதினொன்றும் ஐம்பத்தைந்தும் சேர்ந்து ஒளிந்திருக்கின்றன! என்ன மருந்து என்பதை அட்டை சொல்லும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சீட்டு ஓரளவு சொல்லும். ஏன் நிறுத்தினார்கள் என்பதை எந்தக் காகிதமும் சொல்வதில்லை.

இனி, மருந்துகள் ஒன்றையொன்று தொடரும் விதத்தைப் பார்ப்போம். குற்றாலப் பேரருவி உச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. பாறையின் இடையே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் விழுந்து, பொங்கி வழிந்து, வேகம் தணிந்த பிறகே கீழே இறங்குகிறது. நம் உடலில் கல்லீரலை அத்தகைய குழியாகவும், அதிலுள்ள என்ஸைம்களை நீர் வெளியேறும் வாய்களாகவும் கொள்ளலாம். பினிட்டாயினுக்கு அந்த வாய் குறுகலானது. ஓர் அளவு வரையில் வருகிற மருந்தெல்லாம் ஒழுங்காக வெளியேறும். வாய் நிரம்பிவிட்டாலோ, பிறகு சேர்க்கும் சிறு அளவும் உள்ளேயே தேங்கி மட்டத்தை மளமளவென்று ஏற்றிவிடும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமில் சாதுவாக இருந்தவர், 400 ஆனதும் கள்ளுண்டவர்போலத் தள்ளாடுவது இதனால்தான். அருவியின் வெள்ளம் அங்குள்ள ஆர்ச் வளைவைத் தொட்டவுடன் போலீஸார் குளிப்பதைத் தடுத்துவிடுவார்கள். கல்லீரலுக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை.

வேறு சில மருந்துகள் அந்த வாய்களையே அகலப்படுத்துகின்றன. பினோபார்பிட்டோன், பினிட்டாயின், கார்பமசெபின் மூன்றும் இவ்வகை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குப் புதிதாகக் கொடுக்கும் மருந்து, வந்த வேகத்தில் வெளியேறிவிடும். லாமோட்ரிஜினைத் தனியே கொடுத்தால் அதன் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். மேற்சொன்ன மருந்துகளின் கூட்டத்தில் 14 மணி நேரமே போதும். வால்புரோயேட்டோடு சேர்ந்தாலோ வாய் அடைபட்டு 60 மணி நேரத்துக்கு நீளும். ஆகவே ஒருவருக்கு மருந்தான அளவு, முன்பு என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் பொறுத்து, இன்னொருவருக்கு வெறும் மாவாகவும் வேறொருவருக்கு விஷமாகவும் ஆகக்கூடும். கார்பமசெபினுக்கு இன்னும் ஒரு விசித்திரம் உண்டு: அது தன்னை வெளியேற்றும் வாயைத் தானே அகலப்படுத்திக்கொள்கிறது. முதல் வாரத்தில் போதுமாயிருந்த அளவு ஒரு மாதத்தில் போதாமற்போகும். ‘முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை’ என்று நோயாளி சொன்னால் அது மருந்தின் தோல்வியன்று, கணக்கின் தோல்வி. பழைய மருந்தை நிறுத்தினாலும் அகன்ற வாய் உடனே சுருங்காது. பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் செல்லும். பினோபார்பிட்டோனைத் திடீரென்று நிறுத்துவதில் இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது: அடங்கியிருந்த வலிப்பு அணை உடைந்ததுபோல் தொடர்ந்து வந்து உயிரையே வாங்கிவிடக்கூடும்.

வலிப்புக்கல்லாத மருந்துகளும் மஞ்சள் பையில் உண்டு. க்ஷயரோகத்துக்குக் கொடுக்கும் ஐசோனியஸிட் பினிட்டாயினின் வாயை அடைக்கும். ரிபாம்பிசின் பல மருந்துகளின் வாயைத் திறந்துவிடும். ஐசோனியஸிட்டை மெதுவாகக் கரைக்கும் உடல்வாகு தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உண்டு. நம் நாட்டுக்கே உரிய ஒரு பழைய கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. வலிப்பு நோயாளிகளின் ஸ்கேன் படத்தில் தெரியும் சிறிய ஒற்றைப் புள்ளியை முன்பெல்லாம் க்ஷயக் கட்டி என்றே கருதி, மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சாண்டி, ராஜசேகர் முதலிய அறுவை வைத்தியர்கள் அக்கட்டிகளை எடுத்துப் பரிசோதித்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் முட்டையால் உண்டாகும் புழுக்கட்டிகளே என்று 1980-களின் இறுதியில் நிலைநாட்டினார்கள். ஆகையால் அந்தக் காலத்து நோயாளி ஒருவர் ‘எனக்கு மூளையில் டி.பி. இருந்தது’ என்று சொல்வாரேயானால், அவர் சொல்வது நோயின் சரித்திரமாகாது, மருந்தின் சரித்திரமே.

மருந்து என்றே கருதப்படாத மருந்துகளைப் பற்றியும் கேட்க வேண்டும். ஞாபகசக்திக்கென்று விற்கும் சங்கபுஷ்பித் தயாரிப்பு ஒன்று பினிட்டாயினின் அளவைக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்பக் கொண்டுவந்ததைப் பம்பாய் ஆராய்ச்சியாளர்கள் 1992-இல் எடுத்துக்காட்டினார்கள். மிளகிலுள்ள பைப்பரின் அதற்கு நேர்மாறாக அதே மருந்தின் அளவை உயர்த்துகிறது. ரசத்தில் போடும் மிளகைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். திரிகடுகச் சூரணத்தை நாள்தோறும் தேன்விட்டுக் குழைத்துச் சாப்பிடுகிறவர் மட்டும் வைத்தியரிடம் சொல்லிவைப்பது நல்லது. கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் பொருள். 1934-இல் ஹங்கேரியில் மெடுனா என்பவர் மனநோயைத் தீர்க்க எண்ணி வேண்டுமென்றே வலிப்பை வரவழைத்தது கற்பூரத்தைக் கொண்டுதான். அதைத் தைலத்தில் கலந்து நெஞ்சிலும் நெற்றியிலும் அழுத்தித் தேய்க்கிறவர்களுக்கு, அதுவும் ஒரு மருந்து என்ற நினைவே வருவதில்லை. மூலிகைத் தூள் என்ற பெயரில் தபாலில் வரும் வலிப்பு மருந்துகள் சிலவற்றில் பினோபார்பிட்டோன் கலந்திருந்தது பரிசோதனையில் வெளிப்பட்டதுமுண்டு. ‘இங்கிலீஷ் மருந்தே தொட்டதில்லை’ என்று சத்தியம் செய்கிறவரின் இரத்தத்தில் அது இருக்கும். கடையநல்லூரிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்தவர்களோ, ஒரே மருந்தை இரண்டு தேசத்துப் பெயர்களில் இரண்டு மருந்தாக எண்ணிக்கொண்டு வருவார்கள்.

காகிதம் தொலைந்தாலும் உடல் எதையும் தொலைப்பதில்லை. பற்களை மூடுமளவு தடித்த ஈறும், பெண்ணின் மேலுதட்டில் கறுத்த மயிரும் பல வருஷத்துப் பினிட்டாயினைச் சொல்லும். தூக்க முடியாமல் இறுகிப்போன தோள்மூட்டு பினோபார்பிட்டோனைச் சொல்லும். இலேசாக விழுந்ததற்கே முறிந்த எலும்பு, என்ஸைம்களை முடுக்கிவிடும் மருந்துகள் வைட்டமின் டி-யைக் கரைத்துவிட்டதைச் சொல்லும். அனுபவமுள்ள வைத்தியர் பையைத் திறக்குமுன் நோயாளியைச் சிரிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாவூர்சத்திரத்துப் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பலரைச் சேர்த்து நானே சமைத்துக்கொண்டவள் அவள். வயது முப்பத்துநான்கு, பத்தொன்பதில் முதல் வலிப்பு. முதலில் கொடுத்த கார்டினால் தூக்கத்தைக் கொண்டுவந்தது. மடியில் சுளகை வைத்துக்கொண்டு உறங்கினால் கூலி எங்கிருந்து வரும்? ஒன்றைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்கினார்கள், வலிப்பு நிற்கவில்லை. அடுத்து எப்டாயின். மூன்று வருஷம் வலிப்பே இல்லை. பிறகு நெஞ்சில் டி.பி. கண்டு அதற்கு மருந்து தொடங்கியதும் நடை தள்ளாடியது, பார்வை இரட்டித்தது. மாத்திரை தலைக்கேறிவிட்டது என்று எப்டாயினை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது கார்பமசெபின், ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. கல்யாணமான பிறகு நான்காவதாக வால்புரோயேட். வலிப்பு நோய் கல்யாணத்துக்குத் தடையாகாது என்று 1999-இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் சட்டம் மாமியார் வீட்டு அடுக்களை வரையில் வருவதில்லை. அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்த மாத்திரை, யாரும் பாராத வேளை வாய்த்தபோது மட்டும் வாய்க்குள் போயிற்று.

சீட்டின்படி நான்கு மருந்துகள் தோற்றுவிட்டன; அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டியவள் அவள். உண்மையிலோ, ஒன்று போதிய அளவில் கொடுக்கப்படவில்லை, ஒன்று வெற்றி பெற்று வேறொரு மருந்தால் கெடுக்கப்பட்டது, ஒன்று ஒழுங்காகச் சாப்பிடப்படவில்லை. மூன்றாவது என்னவாயிற்று என்பதற்குப் பையில் விடை இல்லை. மகளோடு வந்த தாயாரை டாக்டரம்மா கேட்கிறார்.

“இந்த மாத்திரையை ஏன் நிப்பாட்டுனீங்க?”

“மாத்திரைக்கென்னம்மா, அது நல்ல மாத்திரைதான். இவளுக்கு அந்த வருசம் அம்மை போட்டுட்டு. வேப்பிலையைக் கட்டி, மருந்து மாயம் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டோம். தலைக்குத் தண்ணி ஊத்துனதுக்கப்புறம் திரும்பக் குடுக்கல.”

“மாத்திரை ஆரம்பிச்சு எத்தனை நாள்ல அம்மை வந்தது?”

“மூணு வாரம் இருக்கும்.”

“கண் சிவந்ததா? வாயில் புண் இருந்ததா?”

“ஆமா, தண்ணி முழுங்க முடியாமத் தவிச்சா.”

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில், வாயும் கண்ணும் வெந்து, உடலெங்கும் கொப்புளித்த அந்த அம்மை எந்த அம்மனும் இட்டதன்று. கார்பமசெபின் சிலருக்கு உண்டாக்கும், உயிருக்கே உலை வைக்கும் ஒவ்வாமை அது. மருந்தைக் குறை சொல்லாமலே நிறுத்தியதால் அவள் பிழைத்தாள். அதை அறியாத எவரேனும், ‘மூன்று வாரம் சாப்பிட்டதெல்லாம் ஒரு சோதனையாகுமா’ என்று எண்ணி, நல்லெண்ணத்தோடு அதே மாத்திரையை மறுபடியும் எழுதிக்கொடுத்திருக்கக் கூடும். அதன் வேதியியல் உறவினர்களான பினிட்டாயினும் பினோபார்பிட்டோனும், முன்பு அவள் தாங்கிக்கொண்டவையேயானாலும், இனி ஜாக்கிரதையோடு அணுக வேண்டியவை. டாக்டரம்மா புதிய தாள் ஒன்றை எடுத்து, அதன் தலைப்பில் சிவப்பு மையால் அம்மூன்று பெயர்களையும் எழுதி, அடியில் கோடிட்டு, ஒரு பிரதியைத் தாயார் கையில் கொடுத்து, பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.